பலகைத் தொட்டில்

அன்புள்ள அத்தானுக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய பணமும் கடிதமும் வந்தன. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. மற்றபடி குறையில்லை.

பிள்ளைக்கு ஒரு கம்பளியும் நாலு துணியும் போதும், பெட்டியில் அடங்குகிறதாக வாங்கு என்று எழுதியிருந்தீர்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். நாகப்பட்டினம் போகும் இலவசக் கப்பலுக்குக் கங்காணி பேர் எழுதுகிறார். நம் லயத்து வீடுகளில் இப்போது வெள்ளையம்மா அக்காவும் நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு செனாய் ஊர்க் கடைத்தெருவுக்குக் கம்பளி வாங்கத்தான் போனேன். சீனத் தச்சர் கடையில் ஒரு பலகைத் தொட்டில் இருந்தது. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். பிறகு பேரம் பேசி அதையே வாங்கிவிட்டேன். கம்பளிக்குக் காசு மிஞ்சவில்லை. என் பழைய சேலையை மடித்துத் தைத்துக்கொள்வேன்.

மாட்டு வண்டியிலிருந்து இறக்கும்போது கங்காணி பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இம்மாம் பெரிசை எப்படிக் கப்பல்ல ஏத்துவே?"

"ஏத்துறதுக்கு வாங்கலங்க."

"உன் வீட்டுக்காரர் உங்க ரெண்டு பேர் பேரையும் எழுதச் சொல்லிக் காயிதம் போட்டிருக்காரே!"

எனக்கு அப்போதுதான் தெரியும். கோபப்படவும் தெம்பில்லை, அத்தான்.

"அங்க எங்களுக்கு யாருங்க இருக்கா? பேரை அடிச்சிருங்க," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேர்களை அடித்துவிட்டார்.

சிங்கப்பூரில் நிலையான வேலை கிடைக்காவிட்டாலும் இங்கே வந்துவிடுங்கள். பிரசவத்துக்கு அக்கா கூட இருப்பதாகச் சொல்கிறாள். இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி