வேலை கிடைத்ததும் எழுதுகிறேன் என்றாயே

உ

பாகூர்,
1935 ஐப்பசி

சிரஞ்சீவி உலகநாதனுக்கு அம்மா விருத்தாம்பாள் சொல்லச் சொல்ல உன் தங்கை கஸ்தூரி எழுதுவது. நீ சைகோனில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று தினமும் மூலநாதரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதச் சொன்னேன், இவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மொதல் வரியிலியே பொய்யாம்மா? நாலு வரி தள்ளி வச்சிக்கலாமே" என்கிறாள். கல்யாண வயசில் வாய்தான் வளர்ந்திருக்கிறது. (அண்ணா, இது நான். வளர்ந்த வாய்க்கு ஏற்ற மாப்பிள்ளையாகத் தேடுகிறார்கள், காது கேட்காதவனாக.)

உன் கடைசிக் கடிதம் வைகாசியில் வந்தது. காலேஜ் படிப்பு தேறின காகிதத்தை வைத்துக்கொண்டு சுங்க ஆபீஸ், கோர்ட்டு, பாங்கி என்று படி ஏறி இறங்குவதாகவும் எல்லா இடத்திலும் அப்புறம் வா என்று சொல்வதாகவும் எழுதியிருந்தாய். அது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, இன்றில்லாவிட்டால் நாளைக்கு ஆகும். கடைசியில் வேலை கிடைத்ததும் எழுதுகிறேன் என்று போட்டிருந்தாயே, அந்த வரிதான் என்னைச் சோறு தின்னவிடாமல் செய்கிறது. உன் செல்லப்பன் சித்தப்பாவும் வேலை தேடி அதே சைகோனுக்குப் போய் அதே வார்த்தையைத்தான் எழுதினார், அதோடு அவரிடமிருந்து ஒரு காகிதம் வரவில்லை. அப்போது நீ சின்னப் பையன், அவர் தோளில் ஏறிக் கரும்பு கடித்தது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ.

நீ கப்பல் ஏறின பிறகு இங்கே ஒன்று நடந்தது, உன்னிடம் மறைத்துவிட்டோம். பன்னிரண்டு வருஷம் சேதி இல்லாதவனைச் செத்தவனாக வைத்துக் கர்மம் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆவி தாகத்தோடு அலையும் என்று பங்காளிகள் அப்பாவை நெருக்கினார்கள். ஆடி அமாவாசையன்று பெண்ணையாற்றங்கரையில் தர்ப்பையும் வைக்கோலும் வைத்து ஓர் ஆள் மாதிரி கட்டினார்கள். அதற்குப் போர்த்த அவர் உடுத்தின துணி ஒன்று வேண்டும் என்றார் ஐயர். அவர் துணியெல்லாம் கரையான் தின்று போயிற்று, அவசரத்தில் அப்பா கொடியில் கிடந்ததை உருவிக்கொண்டு போனார். அது நீ காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போய், இங்கே விட்டுப்போன வெள்ளைச் சட்டை. நெருப்பு வைத்து, புகை அடங்கி, வீட்டுக்கு வந்து தலை முழுகின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உன் சட்டையை எரித்துவிட்டோமடா. அன்று முதல் கொடியில் அந்த இடத்தில் நான் துணி போடுவதில்லை. அன்றே தையலம்மாள் சித்தி தாலியை அறுத்துக் கொடுத்தாள், அழுதாள், எல்லாம் முறைப்படி முடிந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. போன வாரம் மணப்பட்டு அய்யனார் சைகோனிலிருந்து லீவில் வந்தான், அங்கே போலீஸில் இருக்கிறானே, அவன்தான். சித்தப்பாவைக் கண்ணால் பார்த்தேன் என்கிறான். மார்க்கெட் ஓரத்தில் மூட்டை இறக்குகிற கூட்டத்தில், தாடி நரைத்து, கோட்டை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு நின்றாராம். இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. "யோவ் செல்லப்பா, ஊர்ல ஒனக்குக் கருமாதியே முடிஞ்சிபோச்சாம், எங்க வூட்லேருந்து எழுதியிருக்காங்க" என்று கத்தியிருக்கிறான். அவர் இவன் முகத்தைப் பார்த்து, "அப்பாடா, இனிமே எழுத வேணாம்" என்று சொல்லிச் சிரித்தாராம். அப்படியே கூட்டத்துக்குள் போய்விட்டார். உத்தியோகம் ஆகவில்லை என்று எழுத வெட்கப்பட்டே ஒரு மனுஷன் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார், செத்துவிட்டாய் என்றதும் அவருக்கு நிம்மதி வந்திருக்கிறது.

அய்யனார் சொல்லி முடித்ததும் சித்தி தவிட்டுக் கையோடு வந்து, "இன்னா அக்கா, செத்துட்டாருன்னு அழுதாச்சி, இருக்காருன்னு வேற அழணுமா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள். கழுத்தை மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டே இருக்கிறாள். கர்மம் ஆனவன் திரும்பி வந்தால் தொட்டிலில் போட்டு மறுபடி பேர் வைத்துத்தான் வீட்டுக்குள் சேர்க்க வேண்டுமாம். (நரைத்த தாடிக்கு யார் தாலாட்டுப் பாடுவது என்று கேட்டேன் அண்ணா. ஒருவரும் சிரிக்கவில்லை. கேட்டு முடித்ததும் எனக்கும் சிரிப்பு வரவில்லை.) அப்பா சாப்பிடும்போது கொல்லைப் பக்கம் யாரோ இருமின மாதிரி தலையைத் தூக்குகிறார், நேற்று வாய் தவறி "வாடா" என்றுகூடச் சொன்னார், நாங்கள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டோம். கொள்ளி வைத்த கை அவருடையதுதானே.

ஆகவே சொல்கிறேன், கேள். பிரெஞ்சு படித்தவன் மேஜை நாற்காலி உத்தியோகம்தான் பார்க்க வேண்டும் என்று எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை. சைகோனை ஒட்டிய சோலோனில் நம் பக்கத்து ஆட்கள் அரிசி மில்லில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறார்களாம், அய்யனார் அங்கே திரும்பியதும் உன்னைக் கூட்டிப்போய் விடுகிறேன் என்கிறான். அது பிடித்தால் செய், பிடிக்காவிட்டால் கப்பல் ஏறி வந்துவிடு, ஏம்பலத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் வேண்டாம், இன்னும் தேடிப் பார்க்கிறேன் என்றாலும் தேடு, நான் தடுக்கவில்லை. ஆனால் வேலை இல்லை என்றால் வேலை இல்லை என்று எழுது. பசி என்றால் பசி என்று எழுது. ஊர் சிரிக்குமே என்று நினைக்காதே, ஊர் அழுததை நான் பார்த்துவிட்டேன், சிரிப்பதே மேல். சித்தப்பாவை எங்கேயாவது கண்டால் திட்டாதே, கையைப் பிடித்துக்கொள், விடாதே.

மழை பிடித்துவிட்டது, நடவு நடக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நீண்ட ஆயுசோடு, நல்ல பேரோடு, நாலு பேருக்குச் சோறு போடுகிறவனாக இருக்க வேண்டும். இதைக் கண்டதும் பதில் போடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
விருத்தாம்பாள் (கைரேகை)

அண்ணா, அம்மா எழுந்து போய்விட்டாள், இது அவளுக்குத் தெரியாது. இந்த வீட்டில் வருகிற கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவள் நான் ஒருத்திதான். நீ எழுதாவிட்டால் நானே ஒரு கடிதம் எழுதி, நீ எழுதியதாக அம்மாவுக்குப் படித்துவிடுவேன். உனக்குக் கவர்னர் ஆபீஸில் உத்தியோகம், மாடி வீடு, இரண்டு குதிரை எல்லாம் கொடுத்துவிடுவேன். உன் மாதிரி பேசிக் காட்டுவது எனக்கு எவ்வளவு நன்றாக வரும் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை ஆரம்பித்தால் மாதா மாதம் நான் எழுத வேண்டியிருக்கும், நீ எங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் தேடமாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை எழுதவிடாதே.

கஸ்தூரி