பின் சீட்டைத் துடைத்துவிட்டேன்

பாப்பா,

அப்பாவின் காரை வாங்க நினைப்பவர் நாலு மணிக்குப் பார்க்க வருவார். சாவி ஃபிரிட்ஜ் மேல். சாதம் குக்கரில் இருக்கிறது.

காலையில் லெதர் சீட்டையெல்லாம் சோப்பு நுரையால் துடைத்து, காய்ந்ததும் லெதருக்கான கண்டிஷனர் தடவினேன். பின் சீட்டில் இன்னும் பிசுபிசுப்பு இருக்கும், யாரையும் உட்கார விடாதே. அப்பா கடைசியாகப் படுத்திருந்த இடம். அதற்கு மேல் தேய்க்க எனக்குக் கை வரவில்லை.

"நீ வேகமா ஓட்டியிருந்தா அப்பா பொழச்சிருப்பாரு" என்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னாய். அன்று நடந்ததை இப்போது சொல்கிறேன். பாதி வழியில் அப்பா என் தோளைத் தொட்டு, "போதும்டா. ஓரமா நிறுத்து, கொஞ்ச நேரம் எங்கூட உக்காரு" என்றார். நிறுத்தினேன். பின்னால் போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள். ஆனால் அவர் தனியாகப் போகவில்லை, பாப்பா.

அண்ணன்

பி.கு.: விற்க உனக்கு மனசில்லை என்றால் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என்னால்தான் அதில் ஏற முடியவில்லை. பஸ்ஸில் போகிறேன்.