ஓனருக்கு மட்டும் திறக்கும் பூங்கா

ஓசூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள வெஸ்லின்,

ஆண்டவர் கிருபையால் நானும் வீடும் நலம். உன் அப்பாவும் நலம்தான், அவருடைய இடது காலைச் சேர்க்காமல் பார்த்தால். அந்தக் குளிரில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால் இதை எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரைத் திரும்ப நடக்க வைத்தது எதிரில் இருக்கும் பூங்காதான். மார்கழிப் பனியில் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு போவார். பங்குனியில் புங்கம்பூ தரையை மூடிக் கிடக்கும், மிதிக்க மனமில்லாமல் ஓரமாகவே நடப்பார். சித்திரையில் ஊரே காய்ந்தாலும் அந்த மரத்தடியில் காற்று இருக்கும். ஆடியில் தளிப் பக்கமிருந்து சாரல் வந்தால் குடையோடு போய் நின்றுவிட்டு, நடந்ததாகச் சொல்வார். இந்த இன்பத்தில் அவர் கண்ட ஒரே குறை, பெஞ்சில் வேறு மனிதர்களும் உட்கார்ந்ததுதான். கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வரும் ஹாஸ்டல் பெண்கள் காலையில் இட்லிப் பொட்டலத்தோடு வருவார்கள், வீட்டுக்கு போன் பேசுவார்கள், சிரிப்பார்கள். சிரிப்பதுதான் பெரிய புகார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அப்பாவே எழுந்து, பூங்கா வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கைதட்டி, சால்வை போர்த்தினார்கள். கைரேகை வைத்தால் திறக்கும் கேட் வந்தது. முதல் நாள் விரலை நீட்டிக்கொண்டு போனவரிடம் செயலாளர் கோவிந்தப்பன், “யேசுராஜ் சார், வீடு உங்க பையன் பேர்ல இல்ல இருக்குது? ஓனரு அவரு, நீங்க கெஸ்ட்டு. கெஸ்ட்டுன்னா ஓனர்கூடத்தான் உள்ள வரணும், நீங்களே எழுதிக் குடுத்ததுதான சார்” என்று மிகுந்த மரியாதையோடு சொன்னாராம். குடும்பத்தைச் சேர்க்க வேண்டுமானால் ஓனர் நேரில் வந்து ரேகை வைக்க வேண்டுமாம். மகன் பெயரில் வீடு வாங்கினோம் என்று சர்ச் முழுக்கச் சொல்லித் திரிந்தவர், நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். வெளியே பஸ் நிறுத்தத்தில் இட்லி தின்றுகொண்டிருந்த அனுப்ரியா என்ற ஹாஸ்டல் பெண், “என்னா தாத்தா, நீங்களும் ஹாஸ்டலா?” என்று கேட்டு, நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள். அவர் உட்காரவில்லை. மரியாதை தெரியாத பெண் என்று அன்றைக்கு முழுவதும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடை நின்றுவிட்டது. தெருவில் நடக்கலாம் என்றால் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள் வாசற்படியை உரசிக்கொண்டு போகின்றன. கால் மறுபடி இழுக்கிறது. இப்படியே விட்டால் கட்டிலோடுதான் என்று பிசியோதெரபி பெண் சொல்லிவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அவர் உத்தரவு, மகனிடம் அனுமதி வாங்கி நடக்கமாட்டாராம். பூங்கா கேட்டில் விரல் வைப்பதற்காகக் கனடாவிலிருந்து வா என்று கூப்பிட எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு வருடமாக வேறு எந்தக் காரணத்துக்கும் நீ வரவில்லை. இதையாவது சொல்லிப் பார்க்கிறேன்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. இரண்டு சாக்ஸாகப் போட்டுக்கொள். ஒன்று மறக்காதே, அடுத்த முறை நீ பேசும்போது, இப்போதுதான் பூங்காவில் நடந்துவிட்டு வந்தேன் என்பார், மூச்சுகூட வாங்கிக் காட்டுவார். நம்பியது போலவே பேசு.

இப்படிக்கு,
உன் வீட்டில் தங்கியிருக்கும்
அம்மா கிருபாராணி