கிணறு எந்தப் பக்கம்

இன்ஷாப்ட வாப்பாவுக்கு,

உங்கட உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் கிண்ணியாவுக்குப் போறன். வேலிக்காரர் வந்தா பிளாஸ்கில தேத்தண்ணி இருக்கு, ஊத்திக் குடுங்க.

பக்கத்து வீட்டில இருக்கிற என்ர தங்கச்சிட ஆடு நாலு கத்தரிக்கன்றைத் திண்டதுக்குக் கொங்கிறீட் தூணும் முள்ளுக்கம்பியும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்கும் இவ்வளவு காவல் இல்ல. துவக்கோட ஒரு ஆளையும் வாசல்ல நிப்பாட்டுவாங்களா எண்டு கேட்டு வைங்க.

வேலிக்கு அளவு பார்த்து நேற்று நீங்க கட்டின கயிறு நல்ல நேராத்தான் இருக்கு. எங்கட உம்மா ரெண்டு மகள்மாருக்கும் பொதுவா விட்டுட்டுப் போன கிணறுதான் அந்தப் பக்கம் போயிட்டு. தங்கச்சிட மாப்பிள்ளை றுமைஸோட நீங்க கதைக்கிறதும் இல்ல. நாளைக்கு வாளியோட போய் அவரிட்ட எப்படித் தண்ணி கேப்பீங்க?

சோறும் மீன் ஆணமும் தங்கச்சிட குசினியில மூடி வச்சிருக்கு. கம்பி அடிக்க முதல் போய்ச் சாப்பிடுங்க. பிறகெண்டா ரோட்டால சுத்தித்தான் போகணும்.

அசனா

பின்னேரம் வந்திருவன். கிணறு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் நானும்.

கத்தரிக்கோல் தையல் மெசின் லாச்சியில இருக்கு. கயிறு வெட்டத் தேவைப்படும்.