செவ்வாய்க்கிழமைக் கதவு

மார்ச் 9

அன்புள்ள மைசூனுக்கு,

உன் மீது அமைதி உண்டாகட்டும். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். அகபாவுக்கு லாரி ஓட்டும் என் மைத்துனர் மகன் இதை உன் கையில் கொடுப்பான். ஒரு டின் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தனுப்புகிறேன். கடற்கரை ஊரில் மீன் நன்றாகக் கிடைக்கும், எண்ணெய்க்கு எங்கே போவாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சி நீச்சல் குளத்துக்குப் புது விதிகள் எழுதுகிறார்கள். அதற்கு ஒரு குழு: ஐந்து ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் நான். பெரிய மரியாதை என்று நினைத்துவிடாதே. ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்று மேலிருந்து உத்தரவு, சீட்டு கொடுக்கும் ஜன்னலில் நான் கண்ணில் பட்டேன். தலைவர் பொறியாளர் ஜுஹைர். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிடுகிறது.

பழைய விதிகள் உனக்கே தெரியும். சுவரில் நீல எழுத்தில் துப்பாதே, ஓடாதே, சொறி சிரங்கு இருந்தால் வராதே, அவ்வளவுதான். இனிமேல் குளோரினை மூக்கால் அளக்கக் கூடாதாம், காலையும் மாலையும் சோதனைக் குப்பியில் பார்க்கவேண்டும். குளிக்காமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தலையில் எண்ணெயோடு இறங்கக் கூடாது. ஆழமான பக்கத்தின் அடியில் ஒரு கறுப்புத் தட்டு வைப்பார்கள். கரையில் நின்று பார்த்தால் அது தெரியவேண்டும், தெரியாவிட்டால் அன்றைக்குக் குளம் மூடல்.

வடிகட்டியைத் திறந்து காட்டினார்கள். பாதிக்கு மேல் சூரியகாந்தி விதைத் தோல். ஐந்து ஆண்களும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செவ்வாய்க்கிழமை பொம்பளைங்க மட்டும்தான் கொறிக்கறாங்களா? வெள்ளிக்கிழமை வர்ற உங்க பசங்க என்ன, நோன்பா இருக்காங்க?" என்று கேட்டேன். விதை கொறிப்பது இரு பாலாருக்கும் தடை என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு பேச்சு கதவுக்கு வந்தது. போன ஆகஸ்டில் என்ன நடந்தது என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள். நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறேன், ஆகவே என்ன பேசினேன் என்று என் கையெழுத்திலேயே நீ தெரிந்துகொள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கண், காது, மூக்கு வைத்து உன்னிடம் கொண்டுவருவார்கள்.

நான் சொன்னது இதுதான். பெண்கள் நாளில் கண்ணாடிக் கதவுக்குப் போர்வை தொங்கவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போடுவது வழக்கம். யாரும் உத்தரவு போடவில்லை, வீட்டில் செய்வதை அங்கேயும் செய்தோம். அன்று ரக்கான் அம்மாவின் மகள் சதீல் ஆழத்தில் மூழ்கிவிட்டாள். உயிர்காப்பாளர் மைசூன் குதித்துத் தூக்கினாள், கரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினாள். நான் வெளியே சீட்டு ஜன்னலில் இருந்தேன். உள்ளே கத்தியது கேட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் சீக்கிரமே வந்தார்கள். வந்து கதவுக்கு வெளியே நின்றார்கள். "யா ஸாதிர்! யா ஸாதிர்!" என்று குரல் கொடுத்தார்கள். மானத்தை மறைத்துக் காப்பவனே என்று இறைவனைக் கூப்பிட்டு, பெண்கள் இருக்கிற இடத்துக்கு வருமுன் எந்த நல்ல குடும்பத்து ஆணும் கொடுக்கிற குரல்தானே அது. ஒருவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து "வராதீங்க, வராதீங்க, இன்னும் துணி போடலை!" என்று ஒரே கூச்சல். நான் இரண்டு கையாலும் கதவை இடித்தேன். அங்கே அத்தனை பெண்கள் இருந்தும் ஒருத்தியும் தாழ்ப்பாள் பக்கம் வரவில்லை. கடைசியில் மைசூனே குழந்தையின் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடிவந்து திறந்தாள்.

அதன்பின் ஊர் பேசியதையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு கூட்டம் "புள்ளையப் போட்டுட்டு ஓடிட்டா" என்றது. அழகு நிலையம் வைத்திருக்கும் சமீஹாவின் கூட்டம் "நாங்க துணி போடறதுக்குள்ள ஆம்பளைங்கள உள்ள விட்டுட்டா" என்றது. இரண்டையும் கேட்டுத்தான் அந்தப் பெண் ஊரைவிட்டே போனாள் என்றேன். ஜுஹைர் உடனே, போர்வையும் கூடாது தாழ்ப்பாளும் கூடாது என்று எழுதச் சொன்னார். இதை நம் பெண்களிடம் யார் சொல்வது? நான்தான் சொல்லவேண்டுமாம்.

சதீல் பள்ளிக்கூடம் போகிறாள், இறைவனுக்குப் புகழ். மற்றதை அடுத்ததில் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
இன்ஆம்

ஏப்ரல் 20

அன்புள்ள மைசூனுக்கு,

சலாம். நீ பதில் எழுதவில்லை. எண்ணெய் டின்னை மட்டும் கழுவி, உள்ளே உலர்ந்த மீன் நிரப்பி அனுப்பியிருக்கிறாய். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். மீன் நன்றாக இருந்தது, கொஞ்சம் உப்புதான் தூக்கல்.

தாழ்ப்பாள் விஷயம் சொன்னதும் இங்கே வெடித்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை என் ஜன்னலுக்கு முன்னால் ஈரத் தலையோடு எல்லோரும் கூடிவிட்டார்கள். சமீஹா, "இன்ஆம் அக்கா, நீங்க வேணா நடுத்தெருவுல போய்க் குளிங்க, நாங்க வரமாட்டோம்" என்றாள். "நீ வராட்டி வடிகட்டிக்கு நிம்மதி" என்று நானும் விடவில்லை. அவள் மீது கோபப்பட்டாலும், அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. தெருவில் போகிற எவனும் தள்ளினால் திறக்கிற கதவுக்குப் பின்னால் எந்தப் பெண் துணி மாற்றுவாள்? வாரத்தில் ஞாயிறும் செவ்வாயும் இரண்டே நாள். அந்த இரண்டு நாளில்தான் இந்த ஊர்ப் பெண்கள் கைகாலை நீட்டி மூச்சு விடுகிறார்கள். அதுவும் போய்விடும் என்றால் கத்தாமல் என்ன செய்வார்கள்.

வழி ஜுஹைரிடமிருந்தே வந்தது. அடுத்த கூட்டத்துக்கு முகம் வாடி வந்தார். "எங்க வீட்டுக்காரியும் செவ்வாய்க்கிழமைக்காரிதான். மூணு நாளா எனக்கு ரொட்டியும் தயிரும்தான்" என்றார். கையில் ஒரு வரைபடம். கதவுக்கு உள்ளே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர், அதைச் சுற்றி வளைந்துதான் குளத்துக்குப் போகமுடியும். நம் பழைய வீடுகளில் தெருக்கதவைத் திறந்தால் முற்றம் தெரியாமல் ஒரு வளைவு இருக்குமே, அதே போல. கதவை எவ்வளவு அகலத்துக்குத் திறந்தாலும் சுவர்தான் தெரியும். தாழ்ப்பாள் கிடையாது. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியே சாவி என்னிடம் இருக்கும். குளத்தைச் சுற்றிச் சுவரில் ஆணி அடித்து நீளமான அங்கிகள் மாட்டவேண்டும். அபாய மணி அடித்தால் கைக்கு எட்டியதை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம், யாரும் உடை மாற்றும் அறைக்கு ஓடவேண்டாம்.

இன்னொரு விதியும் எழுதினார்கள். முதலுதவி செய்கிறவர் எந்தக் காரணத்துக்காகவும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கதவைத் திறப்பது வேறொருவர் பொறுப்பு, அவர் யார் என்று குளம் திறக்கும்போதே சொல்லிவிடவேண்டும். பெண்கள் நாளில் கதவுப் பொறுப்பு எனக்கு என்று நானே எழுதச் சொன்னேன். முழங்கால் வலித்தாலும் ஓடுவேன்.

சுவர் எழும்பிவிட்டது. சமீஹா தெருவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, எதுவும் தெரியல" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் கடைசி விதிதான் கழுத்தைப் பிடிக்கிறது. சான்றிதழ் பெற்ற பெண் உயிர்காப்பாளர் இல்லாமல் ஜூன் முதல் தேதிக்குப் பின் பெண்கள் நாள் கிடையாது. நீ போனபின் சும்மா நீந்தத் தெரிந்த ஒருத்தியைக் கரையில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம், அது இனிச் செல்லாது. விதி சரிதான், நானே கையெழுத்துப் போட்டேன். ஊரில் இரண்டு பெண்கள் பயிற்சிக்குப் போக முன்வந்தார்கள். ஒருத்தியை அவள் அப்பா விடவில்லை. இன்னொருத்தி போய், ஆழத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். சான்றிதழோடு யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அண்ணிக்கு என் சலாம் சொல். வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ.

இன்ஆம்

மே 22

அன்புள்ள மைசூனுக்கு,

சலாம். இந்தத் தடவை முழங்காலைப் பற்றி எழுதமாட்டேன்.

வரும் செவ்வாய்தான் கடைசி என்று கதவில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ஜூன் பிறந்தால் வாரத்தின் ஏழு நாளும் ஆண்களுக்கு. ஆண்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன், அப்படியும் இல்லை. நேற்று ஒருவர் சீட்டு வாங்கும்போது, "எங்கம்மாவுக்கு இடுப்பு வலி இந்தத் தண்ணியிலதான் போச்சு, இனிமே ராத்திரி பூரா என்னைத் தூங்கவிடமாட்டாங்க" என்று புலம்பினார்.

நான் எழுத வந்தது வேறு. வியாழக்கிழமை ரக்கான் அம்மா என் ஜன்னலுக்கு வந்தாள், சதீலையும் கூட்டிக்கொண்டு. குழந்தை வளர்ந்திருக்கிறாள். இடது கால்தான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை, பேச்சும் மெதுவாக வருகிறது. ஜன்னல் விளிம்பில் மோவாயை வைத்து, "கதவு... புதுசு" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் நான் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா.

இர்பித் நகரத்து மருத்துவர் அவளை வாரம் தவறாமல் தண்ணீரில் நடக்கவைக்கச் சொல்லியிருக்கிறாராம். நீரில் கால் லேசாகும், பழகினால் தரையிலும் சரியாகும் என்கிறார். இப்போது பழக்காவிட்டால் பிறகு கஷ்டமாம். செவ்வாய்க்கிழமை நின்றுபோகப் போவது உண்மையா என்று ரக்கான் அம்மா கேட்டாள். மைசூன் வந்தால் நிற்காது என்றேன்.

"அவ என்கூடப் பேசுவாளாக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். "அவளா? ஆஸ்பத்திரிக்கு அவ வந்தப்பல்லாம் நீதானே மூஞ்சியத் திருப்பிக்கிட்டே? ஊரு ஆயிரம் பேசிச்சு, அதை அவ தாங்கியிருப்பா. நீ ஒரு வார்த்தை பேசல பாரு, அதுக்குத்தான் அவ போயிட்டா" என்று கொட்டித் தீர்த்துவிட்டேன். அவள் சதீலை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"யா ஸாதிர்னு குரல் கேட்டுதே, அப்ப நான் எம்பொண்ணு தலைமாட்டுலதான் இருந்தேன். எந்திரிச்சு ஓடினேன். கதவுக்கு இல்லக்கா, என் முக்காட்டுக்கு. எம்பொண்ணு மூச்சில்லாம தரையில கெடக்கறா, நான் பையில கையவிட்டு முக்காட்டத் தேடறேன். திரும்பிப் பாத்தா மைசூன் கதவுகிட்ட நிக்கறா, ஈரக் கைக்குத் தாழ்ப்பாள் வரமாட்டேங்குது. அப்பவும் நான் போகல. முடிச்சுப் போட்டுட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியில அவ மொகத்தப் பாத்தா எனக்கு அந்த முடிச்சுதான் ஞாபகம் வந்துச்சு. அவ மேல எனக்கு என்னக்கா கோபம்? அவ மொகத்தப் பாக்க எனக்குத்தான் யோக்கியதை இல்ல."

மைசூன், அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். ஒருவேளை அந்த இடத்தில் நானாக இருந்தாலும் முதலில் துணியைத்தான் தேடியிருப்பேன். நம்மை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டால் கை தானாகத் தலைக்குப் போகும். உன் கை போகவில்லை.

இத்தனை மாதம் நீ அங்கே உட்கார்ந்து நெஞ்சிலிருந்து கையை எடுத்ததையே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எடுத்துவிட்டு நீ எங்கே போனாய் என்பதையும் சேர்த்து நினை. உன்னை வா என்று கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை. வருவதானால் என் வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அகபாவிலிருந்து திரும்பும்போது லாரி உன் அண்ணன் வீட்டு முனையில் கொஞ்ச நேரம் நிற்கும், பையனிடம் சொல்லியிருக்கிறேன். சதீலைத் தண்ணீரில் இறக்க வேறு யாரையும் அவள் அம்மா நம்பமாட்டேன் என்கிறாள்.

நம் பக்கத்தில் ஒரு தட்டுச் சோறு நீட்டினாலும் "உன் கை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லித்தான் வாங்குவார்கள். உப்புப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கடைக்காரனுக்குக்கூடச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தக் குளத்திலிருந்த ஒரு வாயிலிருந்தும் உனக்கு அது வரவில்லை. ரக்கான் அம்மா கிளம்பும்போது அதைத்தான் எழுதச் சொன்னாள். அவள் அழுதுகொண்டிருந்ததால் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதுகிறேன்.

மைசூன், உன் கை நன்றாக இருக்கட்டும்.

இன்ஆம்