ஊமையங்காட்டுக்கு ஆள் சேர்த்த ராவுத்தர் மாமாவுக்கு

ராவுத்தர் மாமா,

நேற்று திருச்சி பஸ் ஸ்டாண்டில் டை கட்டிய ஒருவர் என் கையில் வழவழப்பான தாள் ஒன்றைத் திணித்துவிட்டுப் போனார். மனை விற்கும் விளம்பரம். பச்சைப் புல்தரை, நீரூற்று, குழந்தையின் கைபிடித்து நடக்கும் தம்பதி, நாயோடு ஓடும் ஒருவர் என்று ஒரே ஜனக்கூட்டம். எல்லாம் வரைந்த படம். இடம் எங்கே என்று பொடி எழுத்தில் தேடினேன். கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் படித்தேன். நம்முடைய ஊமையங்காடு! எழுபதைத் தாண்டிய கிழவி ஒருத்தி தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்து, பக்கத்திலிருந்த அம்மாள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பொட்டலில் நாலு பேரை நடமாடவிட இவர்களுக்கு ஒரு ஓவியர் வேண்டியிருக்கிறது. நீங்கள் உயிருள்ள ஆட்களை வைத்தே செய்தீர்கள், அதுவும் சித்திரை வெயிலில். இதைச் சொல்லிச் சிரிக்க நீங்கள் இல்லையே என்ற ஆற்றாமையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. ஆவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா இறந்தபோது எனக்கு விட்டுப்போனது ஒரு பசு மாடும், ஊருக்கு நாலு மைல் தள்ளி ஒன்பது ஏக்கர் செம்மண் பொட்டலும். சூரைமுள், காரைச்செடி, ஒரு புற்று, ஒற்றை வேலமரம். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கூரை கிடையாது. கூப்பிட்டால் பதில் வராது என்பதால் ஊமையங்காடு என்று பேர். எனக்கு அப்போது திருச்சியில் கன்னியர் நடத்திய டீச்சர் டிரெயினிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மே மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும் என்று மதர் எழுதியிருந்தார்கள். என்னை வளர்த்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"நெலம் வித்தா நீ படிக்கப் போ. விக்கலைன்னா ஆனி மாசம் எம்மகன் சூசைக்குக் கழுத்தை நீட்டு."

சூசை நல்லவன்தான். ஆடு மேய்ப்பான், அதிர்ந்து பேசமாட்டான். அவனிடம் நான் கண்ட ஒரே குறை, அவனை எனக்குக் கட்டிவைக்கப் பார்த்ததுதான்.

நீங்கள் மாட்டுத் தரகர். பசுவை விற்றுத்தர வந்த உங்களிடம், நிலத்தையும் விற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். அதுவரை நீங்கள் ஒரு சென்ட் நிலம் விற்றதில்லை. "நாலு காலு இருந்தா வித்துருவேன் தாயி. இது நடக்காதே" என்றீர்கள். ஆனாலும் வந்து பார்த்தீர்கள். சந்தையில் மாட்டைச் சுற்றுவது போலவே சுற்றி வந்து, ஓரிரு இடத்தில் காலால் தட்டி, ஒரு பிடி மண்ணை முகர்ந்துவிட்டு, "சுழி சுத்தமா இருக்கு" என்று முடிவு சொன்னீர்கள். மாட்டின் உடம்பில் மயிர்ச்சுழி பார்ப்பது சரி, மண்ணில் எந்தச் சுழியைப் பார்த்தீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விலை பேசிய அழகைத்தான் மறக்கவே முடியவில்லை. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். நான் பெண்பிள்ளை, என் கையைத் தொடக்கூடாது. அதற்காக முறையை விட்டுவிட முடியுமா? விரலுக்குப் பதிலாகத் துண்டுக்குள் ஈர்க்குச்சிகளை நீட்டினீர்கள். நான் இன்னும் இரண்டைச் சேர்த்துத் திருப்பித் தந்தேன். நாலு மைல் சுற்றுவட்டாரத்தில் நம்மைப் பார்க்க ஒரு காக்கை கூட இல்லை. அப்படியும் நீங்கள் துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டீர்கள்.

முதலில் வந்த இரண்டு பேர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை. அதில் ஒருவர், "ஏங்க, இங்க பாம்பு கடிச்சா அந்தப் பாம்புக்கிட்டதாங்க சொல்லி அழணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

மூன்றாவதாக அகப்பட்டவர் கொழும்பிலிருந்து திரும்பியவர். அங்கே சுருட்டுக்கடை வைத்திருந்தாராம். ஐம்பது வயது இருக்கும். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. மூன்று வயதில் கப்பலேறிப் போனவருக்குச் சொந்த ஊர் எதுவென்றே தெரியாது. ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்பது மட்டும் தெரியும். அந்தப் பக்கம் நிலம் வாங்கிக் குடியிருக்க வந்தார். அவர் உங்களிடம் போட்டது ஒரே நிபந்தனை.

"ஆள் நடமாட்டம் இருக்கணும். கொழும்புல எந்நேரமும் எரைச்சல்ல கெடந்தவன். மனுசச் சத்தம் கேக்காட்டி எனக்குச் சோறு எறங்காது."

வேறு யாராயிருந்தாலும் அப்போதே கும்பிடு போட்டிருப்பார்கள். உங்களுக்குத் தொழில் ஞாபகம் வந்தது. "ஒத்தை மாட்டை எவனும் வாங்கமாட்டான் தாயி. பக்கத்துல நாலைக் கட்டி நிறுத்தணும்" என்றீர்கள். நான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மறுநாளே எங்கள் ஊரில் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டீர்கள். கூலி, வேலை முடிந்ததும் ஆட்டுக்கறிச் சோறு.

சூசைக்குத் தன் ஆடுகளோடு குறுக்கே போகிற வேலை. கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார், ஊரில் இருந்த ஒரே சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போகவேண்டும். அத்தையை விட்டுவிட்டால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று அவள் தலையிலும் ஒரு விறகுக்கட்டை ஏற்றினீர்கள். எனக்குத் தண்ணீர்க்குடம். "அங்க கெணறே இல்லையே மாமா" என்றேன். "கொடத்தைப் பாத்தா, கெணறு எங்கிட்டோ இருக்குன்னு அவரே நெனச்சுக்குவாரு" என்றீர்கள். உபதேசியாருக்கு மட்டும் உறுத்தியது.

"இது பொய்யாச்சே ராவுத்தரே?"

"வாயத் தொறந்தாத்தானே பொய்யி? நீங்க பேசவே வேண்டாம். மிதிச்சுக்கிட்டே போங்க."

உபதேசியார் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். மற்றவர்களுக்கும் அதே சட்டம்தான். யாரும் நிற்கக்கூடாது, யாரும் பேசக்கூடாது. வேலமரத்திலிருந்து புற்று வரை போய், முள்ளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, தலைத்துண்டை மாற்றிக் கட்டி மறுபடி வரவேண்டும்.

குளத்தூரிலிருந்து நீங்களும் கொழும்புக்காரரும் மாட்டு வண்டியில் வந்தீர்கள். தூரத்திலிருந்தே பார்த்தேன், இருவரும் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசிக்கொண்டே வந்தீர்கள். அவர் இறங்கினார். கான்வாஸ் ஷூ, கறுப்புக் குடை. குடையை விரித்துக்கொண்டு நின்றார். நாங்கள் நடக்க ஆரம்பித்தோம்.

முதல் சுற்று பிரமாதம். ஆடுகள் போயின, சைக்கிள் போயிற்று, விறகு போயிற்று, குடம் போயிற்று. இரண்டாவது சுற்றில் உபதேசியார் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தார். "இங்க சைக்கிள் நெறைய இருக்கும் போலயே" என்றார் கொழும்புக்காரர். "ஏராளம்" என்றீர்கள் நீங்கள்.

"அந்த நொண்டி ஆட்டை இப்பத்தானே பாத்தேன்?"

"இந்தப் பக்கத்து ஆடு பூராவுமே கொஞ்சம் நொண்டுங்க."

குடத்தோடு போய்க்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இடுப்பு வலித்தது. ஆனால் அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. "போறாங்க, வாராங்க, எல்லாம் சரி. ஒருத்தரும் வாயத் தொறக்கலையே. இந்த ஊர்ல யாருக்குமே பேச்சு வராதா?" என்று கேட்டார்.

மாமா, நீங்கள் கணக்கில் விட்டது ஒன்றே ஒன்று. மாட்டுக்குப் பக்கத்தில் கட்டிய மாடு சும்மா நிற்கும். எங்கள் ஊர் மனிதருக்கு, புது ஆளைப் பார்த்துவிட்டு எந்த ஊர், யார் மகன் என்று கேட்காமல் தாண்டிப் போக முடியாது. அத்தை இரண்டு சுற்று தாங்கினதே பெரிது. மூன்றாவது சுற்றில் விறகுக்கட்டோடு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றுவிட்டாள்.

"ஆளு புதுசா இருக்கே. எந்த ஊருங்க? யாரு மகன்?"

அவருக்குப் பின்னால் நின்று நீங்கள் கையை ஆட்டினீர்கள், தலையில் அடித்துக்கொண்டீர்கள். அத்தை உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவரோ, கேட்க ஒரு ஆள் கிடைத்ததே என்று மடமடவென்று சொன்னார்.

"ஊரு தெரியாதும்மா. ஆவூர்க் கோயில்ல ஞானஸ்நானம். அன்னைக்கு என்னைக் கையில ஏந்தி ஞானத்தாயா நின்னவங்களுக்கு எடது கையில ஆறு விரலாம். அவ்வளவுதான் தெரியும்."

விறகுக்கட்டு தொப்பென்று விழுந்தது.

"ஆறு வெரலா? அது எங்க ஆத்தாய்யா! எங்க ஆத்தா கையில ஏந்தின புள்ளையா நீயி? அப்ப எனக்குத் தம்பியில்ல!"

அதன்பிறகு யார் நடப்பார்கள்? உபதேசியார் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். அதுவரை யாரிடமும் உரக்கப் பேசாத சூசை, "மாமா!" என்று கத்தினான். ஞானஸ்நானத்தன்று அவர் போட்டிருந்த குல்லாயின் நிறம் வரைக்கும் அத்தைக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஊமையங்காட்டில் அப்படியொரு இரைச்சலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உங்கள் முகத்தில் மெல்ல உயிர் வந்தது.

ஆனால் தம்பி என்று ஆன பிறகு அத்தையால் அவரிடம் எதையும் மறைக்க முடியவில்லை.

"தம்பி, ஒனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப்போறேன்? இதை வாங்கித் தொலைக்காதே. இங்க மனுசன் காலடியே படாது. நாங்கல்லாம் இந்த ராவுத்தரு கறிச்சோத்துக்குக் கூட்டியாந்த ஆளுக."

பாசம் பாதி, சூசை பாதி. எனக்குத் தெரியாதா? காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்தேன். டிரெயினிங் போயிற்று, ஆனி மாதம் வந்துவிட்டது என்று கண்ணில் நீர் முட்டியது. நீங்கள் வண்டி மாட்டின் கொம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கொழும்புக்காரர் குடையை மடக்கினார்.

"நெலம் யாரோடது?"

"எங்க அண்ணன் மக. இந்தா நிக்கிறாளே."

"ஒங்க அண்ணன் எனக்கும் அண்ணன். அப்ப இது எனக்கு மக முறை இல்லையா?"

இல்லை என்று சொல்ல அத்தைக்கு வழியில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் அவளே கட்டின உறவு. "ஆ...மா" என்று இழுத்தாள். அவர் என்னிடம் திரும்பி, "எதுக்கும்மா விக்கிறே?" என்று கேட்டார். அந்த நிலத்தைப் பார்க்க வந்தவர்களில் என்னிடம் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். பள்ளியைச் சொன்னேன், மே மாதக் கடைசியைச் சொன்னேன். ஆனியையும் சொன்னேன்.

"எம்மக படிக்கட்டும்" என்றார். "நெலத்தை நான் வாங்கிக்கிறேன். நீங்கல்லாம் நாலு மைல்லதானே இருக்கீங்க? நான் கடலையே தாண்டி வந்தவன்."

சித்தப்பன் சொன்ன பிறகு அத்தை என்ன சொல்வது? குனிந்து விறகைப் பொறுக்க ஆரம்பித்தாள். நீங்கள் விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, பாய்ந்துவந்து அவர் கையில் துண்டைப் போட்டு மூடினீர்கள். அவர் அதை எடுத்து மடித்து உங்கள் தோளிலேயே போட்டார். "சொந்தக்காரங்களுக்குள்ள எதுக்குங்க மூடணும்?" என்று கேட்டுவிட்டு, ஒன்பது பேர் முன்னால், ஆடுகள் முன்னால், விலையை வாய்விட்டுச் சொன்னார். நம் ஈர்க்குச்சிக் கணக்குக்கும் மேலே இருந்தது. நீங்களோ யாரோ குளிக்கிற இடத்துக்குத் தெரியாமல் வந்துவிட்டவர் போல வெடுக்கென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். பத்திரம் பதிகிற வரைக்கும் அந்தக் கூச்சம் உங்களுக்குப் போகவில்லை. தரகை மட்டும் இரண்டு பக்கமும் கூசாமல் வாங்கிக்கொண்டீர்கள்.

நான் படித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். சித்தப்பா ஊமையங்காட்டில் குடிசை போட்டார், கிணறு வெட்டினார், ஆனால் அங்கே ஒரு வேளை கூட அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மைல் நடந்து வந்து அத்தை வீட்டில் பேசிக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போவார். என் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்று, பீடம் வரைக்கும் என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். என் பிள்ளைகளுக்கு அவர்தான் தாத்தா. அவர் காலமானபோது அப்பாவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன்.

எப்போது அந்தச் சந்தேகம் வந்தது என்று தெரியவில்லை. இருபது வருஷம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மாடு பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். என் அப்பத்தாளின் ஆறு விரலைப் பார்க்காதவரா? மூன்று வயதில் ஊரைவிட்டுப் போனவருக்கு, ஊர் தெரியாது, பேர் தெரியாது, விரல் மட்டும் தெரியுமா? நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேனே, அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"மாமா, அன்னைக்கு வண்டியில வரும்போது சித்தப்பாக்கிட்ட என்ன பேசிக்கிட்டு வந்தீங்க?"

"மாட்டைப் பத்தித்தான் தாயி" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. இருமலா, சிரிப்பா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஆவூர்க் கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் பத்திரமாக இருக்கிறதாம். எந்தக் குழந்தைக்கு யார் ஞானத்தாய் என்று அதில் எழுதியிருக்கும். கேட்டால் பங்குச் சாமியார் எடுத்துக் காட்டுவார். இரண்டு முறை அவர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கு வருஷம் தவறாமல் அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அவருக்கு ஒன்று ஏற்றுகிறேன். அவர் எனக்குச் சித்தப்பாதான். அதில் இனி யாரும் கைவைக்க வேண்டாம் மாமா, நீங்கள் உட்பட.