கழற்றி வைத்த கண்ணாடி

அன்புச் சின்னவளே,

உன் கடிதம் வந்தது. தலைவரைச் சுட்டது உன் அப்பாதானா என்று மறுபடியும் விசாரிக்கிறார்கள், அன்று வீட்டிலேயே இருந்த அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தால் பழி நீங்கிவிடும் என்கிறாய்.

நியாயம்தான். அது இல்லாவிட்டால் எதிரே வரும் பஸ்கூட அவருக்குப் புகைமூட்டம். "எத்தனாம் நம்பருன்னு பாரும்மா" என்று உன்னைத்தானே கேட்பார்? அப்படிப்பட்டவர் மேடையில் நின்றவரை எப்படிக் குறிபார்த்திருப்பார்? அப்பாவையே கேட்கலாமென்றால், அவரையும் அங்கேயே சுட்டுத் தள்ளிவிட்டார்கள்.

அன்று அவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மறக்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கழற்றி, சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்து டப்பாவில் வைத்தார்.

"கண்ணாடி வேணாமா?" என்றேன்.

"இன்னைக்கு யார் முகத்தையும் பார்க்க வேணாம்னு இருக்கு" என்றார்.

அதற்கு முதல் நாள் எங்களுக்குள் சண்டை. என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன். இன்றுவரை அப்படியே நினைத்துக்கொள்ளத்தான் பார்க்கிறேன்.

கண்ணாடியை இத்துடன் அனுப்புகிறேன். அவர் சொன்னதையும் அங்கே சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். எனக்குத் தைரியமில்லை.

பார்சலைப் பிரித்ததும் கண்ணாடியைத் துடைத்துவிடாதே. அவர் துடைத்தது அப்படியே இருக்கிறது.

உன் அம்மா